மாதவிடாய் நிற்கும் காலத்தில் மனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் நலப் பிரிவு ஒன்றில் ஆலோசகராக இருப்பதால், மாதவிடாய் நிற்கும் காலத்தில் மனம் படும் பாட்டைப் பற்றி ஒரே கேள்விகளை வெவ்வேறு குரல்களில் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பெரும்பாலானோர் முதலில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். மனத்தைப் பற்றிய கேள்வி, எழுந்து கிளம்பும் நேரத்தில்தான் வெளியே வரும். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்களுக்கு உரிய மருந்தையும் அளவையும் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. எனக்கு வயது 44. மாதவிடாய் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியிருக்க, என் மனநிலை மாறுவதற்கு மெனோபாஸ் எப்படிக் காரணமாகும்?

மெனோபாஸ் என்பது கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதங்கள் தொடர்ந்து உதிரப்போக்கு இல்லாமல் இருந்தால், பின்னோக்கிப் பார்த்துச் சொல்லப்படும் ஒரு கணக்கு. பெரும்பாலானோருக்கு அது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது. ஆனால் உடல் அந்த நாளுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே மாறத் தொடங்கிவிடும். பெரிமெனோபாஸ் எனப்படும் இந்த இடைக்காலம் சராசரியாக நான்கு ஆண்டுகள் நீடிக்கும்; சிலருக்குப் பத்து ஆண்டுகள் வரைகூடச் செல்வதுண்டு.

மனம் தொடர்பான தொல்லைகள் அதிகமாகத் தலைகாட்டுவது மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு அல்ல, இந்த இடைக்காலத்தில்தான். சுழற்சி ஓரிரு வாரம் முன்பின்னாக வரத் தொடங்கும்போதே, சிலருக்கு அதற்கும் முன்பே, தூக்கமும் பொறுமையும் குறையலாம். ஆகவே மாதவிடாய் வருகிறது என்பதை மட்டும் வைத்து இதை ஒதுக்கிவிட முடியாது.

2. ஹார்மோன் கருப்பைக்கும் சினைப்பைக்கும் உரியதுதானே? அதற்கும் மனத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஈஸ்ட்ரோஜன் சினைப்பையில் சுரந்தாலும், அதை ஏற்றுக்கொள்ளும் இடங்கள் மூளையிலும் பரவலாக உள்ளன. மனநிலையைச் சீராக வைத்திருக்க உதவும் செரட்டோனின் உருவாவதிலும், உருவானது விரைவில் சிதைந்துவிடாமல் இருப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் உடலில் மாற்றமடையும்போது அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள் உண்டாகிறது. அது மூளையின் அமைதிப்படுத்தும் அமைப்பான காபா ஏற்பிகளின் மீது செயல்படுகிறது. முட்டை வெளிப்படாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் போதிய அளவு சுரக்காததால், அந்த அமைதியும் குறைகிறது.

இதை வெறும் 'ஹார்மோன் குறைபாடு' என்று நினைத்துக்கொண்டால் பாதிதான் புரியும். பெரிமெனோபாஸ் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராக இறங்குவதில்லை. சில வாரங்களில் இளமையில் இருந்த அளவையும் தாண்டி உயர்ந்து, அடுத்த சில நாட்களில் சரிகிறது. மூளைக்குச் சிரமம் தருவது குறைந்த அளவைக் காட்டிலும் இந்த ஏற்ற இறக்கம்தான். திங்கட்கிழமை நன்றாக இருந்தவர் வியாழக்கிழமை காரணமின்றி அழுவதற்கும், மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் கழிந்த பிறகு பலருக்கு மனம் தானாகவே தெளிவதற்கும் இதுவே விளக்கம் தருகிறது.

3. என் அக்கா இந்த வயதை எந்தத் தொல்லையும் இல்லாமல் கடந்தார். நான் மட்டும் ஏன் இப்படி? மனத்திடம் போதவில்லையா?

மனத்திடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பெரிமெனோபாஸ் காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகி, ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையில் குணமடைந்த பெண்களுக்கு, அவர்கள் அறியாதபடி மருந்தற்ற மாற்று கொடுக்கப்பட்டது. சோர்வு அவர்களில் பலருக்குத் திரும்பியது. அப்படிப்பட்ட வரலாறு இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோன் இறக்கம் ஏற்பட்டபோதும் மனநிலை மாறவில்லை. ஹார்மோன் மாற்றம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், அதை மூளை உணரும் கூர்மை ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதே இதன் பொருள்.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மனம் மிகவும் கலங்கியவர்கள், பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு அடைந்தவர்கள், முன்பே ஒருமுறை மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கு இந்தக் காலத்தில் வாய்ப்பு கூடுதல். இரவில் வியர்த்துத் தூக்கம் கெடுபவர்களுக்கும், அதே நேரத்தில் பெற்றோரின் நோய், பிள்ளைகளின் பிரிவு, வேலைச் சுமை ஆகியவை வந்து சேர்ந்தவர்களுக்கும் அப்படியே. அதே சமயம், பெரும்பாலான பெண்கள் பெரிய மனநோய் எதுவும் இன்றியே இக்காலத்தைக் கடக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முன்கூட்டியே அஞ்சிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

4. இது சாதாரண மனமாற்றமா, மனச்சோர்வு என்னும் நோயா? எனக்கு எப்படித் தெரியும்?

காலையில் எரிச்சலாக இருந்து மாலையில் சிரிக்க முடிகிறது, பிடித்தவர் ஒருவர் வந்தால் மனம் லேசாகிறது என்றால் அது பெரும்பாலும் மனநிலையின் ஏற்ற இறக்கம். நாள் முழுவதும் நீடிக்கும் துயரம் அல்லது எதிலும் ஆர்வமின்மை, ஏறத்தாழ எல்லா நாட்களும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் தொடர்ந்தால் அதை மனச்சோர்வாகக் கருதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பசி, தூக்கம், கவனம் ஆகியவை மாறுவது, தன்னை ஒரு பாரமாக எண்ணுவது, அளவுக்கு மீறிய குற்றவுணர்வு, சாவைப் பற்றிய நினைவு ஆகியவையும் சேர்ந்திருக்கலாம். மருத்துவமனைகளில் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற படிவத்தில் ஒன்பது கேள்விகளே உள்ளன. மொத்த மதிப்பெண் 27. அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பது வழக்கம்.

இக்காலத்து மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சினம், தன்னம்பிக்கை சரிந்துபோதல், பிறர் தன்னை ஒதுக்குகிறார்கள் என்ற சந்தேகம், ஆற்றலே வடிந்துவிட்டது போன்ற களைப்பு என்று அது வேறு உருவங்களில் வரும். 'எனக்குச் சோகமாக இல்லையே, கோபமாகத்தானே இருக்கிறது' என்று சொல்லிப் பலர் ஆண்டுக்கணக்கில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

5. இரவு மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமே இல்லை. தூக்கம் கெட்டதால் மனம் கெட்டதா, மனம் கெட்டதால் தூக்கம் போனதா?

இரண்டு திசையிலும் நடக்கிறது. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மிகச் சிறிய வெப்ப மாற்றத்துக்கும் பதறிவிடுகிறது. திடீரென முகமும் மார்பும் சூடேறி வியர்த்துக் கொட்டும் இந்த நிகழ்வை மருத்துவர்கள் ஹாட் ஃப்ளஷ் என்கிறார்கள். இரவில் அது வந்தால் தூக்கம் துண்டு துண்டாகும். சில வாரங்கள் இப்படிப் போனால் யாருடைய மனமும் தளரும். ஆனால் வியர்வையே இல்லாமல் அதிகாலையில் விழித்து, விழித்தவுடனேயே மனம் கனத்துக் கிடந்தால், அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம்.

இதற்குத் தூக்க மாத்திரையைவிட, தூக்கமின்மைக்கென்றே வகுக்கப்பட்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) நீண்ட காலத்துக்குப் பலன் தருகிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, ஏறக்குறைய இருபது நிமிடங்களுக்கு மேல் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்தை ஒட்டிக் குறைப்பது என்று அது சில கண்டிப்பான பழக்கங்களைக் கேட்கும். முதல் இரண்டு வாரங்கள் கடினமாகவே இருக்கும். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்க மூச்சுத்திணறலையும் சோதிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் அது கூடுகிறது.

6. திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, ஏதோ நடந்துவிடப்போகிறது என்ற பயம் வருகிறது. இது இதய நோயா, பதற்றமா?

ஹாட் ஃப்ளஷ் வரும்போதே இதயத் துடிப்பு கூடும். சிலருக்கு உடல் சூடேறுவதற்குச் சில நொடிகள் முன்பாகவே இனம்புரியாத அச்சம் தோன்றும். பதற்றத் தாக்குதலும் ஏறத்தாழ இதே உணர்வுகளைத் தருவதால், எது எது என்று பிரித்தறிவது உள்ளே இருப்பவருக்கு எளிதல்ல. வாழ்நாளில் பதற்றமே அறியாத பெண்களுக்கு, வண்டி ஓட்டுவதும் கூட்டத்தில் நிற்பதும் இந்த வயதில் முதன்முறையாகப் பயமாக மாறுவதை அடிக்கடி கேட்கிறேன்.

ஆனாலும் இதயத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் இதய நோய் வாய்ப்பு உயர்கிறது. உழைக்கும்போது வரும் மார்பு இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மயக்கம் ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். இ.சி.ஜி., தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகள் சரியாக இருந்தால், பிறகு பதற்றம் என்று நிம்மதியாகச் சிகிச்சை பெறலாம்.

7. தெரிந்தவர்களின் பெயர்களே மறந்துபோகின்றன. எனக்கு மறதி நோய் வந்துவிட்டதோ?

பெரும்பாலும் இல்லை. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கி, நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற ஆய்வில், பெரிமெனோபாஸ் காலத்தில் புதியதைக் கற்கும் திறன் சற்று மங்கி, மாதவிடாய் நின்ற பிறகு மீண்டதாகக் கண்டார்கள். 65 வயதுக்கு முன் டெமென்ஷியா எனப்படும் மறதி நோய் வருவது அரிது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் கவனத்தைச் சிதறடிப்பதால், மனத்தில் பதியாத ஒன்றையே நாம் பல நேரங்களில் மறந்துவிட்டதாக நினைக்கிறோம்.

மறந்த பெயர் ஒரு மணி நேரம் கழித்து நினைவுக்கு வருகிறது என்றால் கவலைப்பட வேண்டாம். நன்கு தெரிந்த வழியில் திசை தவறுவது, பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையின் படிகள் குழம்புவது, மறதியை நீங்கள் உணராமல் உடனிருப்பவர்கள் உணர்வது ஆகியவை இருந்தால் பரிசோதனை தேவை.

8. ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரியாது. இரண்டாவது பதிலில் சொன்ன ஏற்ற இறக்கத்தால், சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு ஒரு வாரம் அதிகமாகவும் அடுத்த வாரம் இயல்பாகவும் இருக்கலாம். 45 வயதைத் தாண்டியவருக்கு மாதவிடாய் மாற்றமும் அறிகுறிகளுமே போதும். இளம் வயதில்தான் அந்தப் பரிசோதனை உதவும். மனச்சோர்வைக் காட்டும் ரத்தப் பரிசோதனை என்று எதுவும் இல்லை.

செய்ய வேண்டியவை வேறு. தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் மனம் மாறும். இக்காலத்தில் உதிரப்போக்கு மிகுந்து இரும்புச்சத்து குறைந்தவர்கள், களைப்பை மனச்சோர்வு என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். பி-12 குறைபாடும் சர்க்கரை நோயும் இதே பட்டியலில் சேரும்.

9. வீட்டில் இருப்பவர்கள் மீது எரிந்து விழுகிறேன். பிறகு தனியாக உட்கார்ந்து அழுகிறேன். நான் கெட்டவளாகிவிட்டேனா?

இல்லை. ஆத்திரம் இக்காலத்தின் மிகப் பரவலான அறிகுறிகளில் ஒன்று. வெட்கத்தால் அது குறைவாகவே பேசப்படுகிறது. கோபம் எந்த நாட்களில், எத்தனை மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு, மாதவிடாய்க்கு எத்தனை நாள் முன்பு வந்தது என்று இரண்டு மூன்று மாதங்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். மருத்துவரிடம் 'எப்போதும் கோபமாக இருக்கிறேன்' என்று சொல்வதைவிட அந்தக் குறிப்பேடு பத்து மடங்கு பயன்படும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இந்தக் கோபம் முழுவதையும் ஹார்மோன் கணக்கில் எழுதிவிடுவது சரியல்ல. இருபது ஆண்டுகளாக விழுங்கிவந்த ஒரு நியாயமான மனக்குறை, பொறுமை குறைந்ததும் வெளியே வந்திருக்கலாம். குரல் உயர்ந்ததற்கு வேண்டுமானால் வருந்துங்கள்; சொன்ன விஷயத்தில் உண்மை இருந்தால் அதை ஆறிய பிறகு மீண்டும் பேசுங்கள்.

10. மருத்துவரே 'இந்த வயதில் இதெல்லாம் சகஜம்' என்று அனுப்பிவிட்டார். இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

மாற்றம் சகஜம்தான், அதனால் நீங்கள் படும் வேதனைக்குச் சிகிச்சை வேண்டாம் என்று ஆகிவிடாது. மருத்துவ உலகம் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறியிருக்கிறது. ஒரு காலத்தில் நடுவயதில் வரும் மனச்சோர்வை ஒரு தனி நோயாகவே பெயரிட்டு வைத்திருந்தார்கள். அதற்குப் போதிய சான்று இல்லை என்று 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டது. பிறகு ஊசல் மறுபக்கம் போய், மாதவிடாய் நிற்பதற்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லை என்பது போலப் பலர் பேசத் தொடங்கினார்கள். 'எல்லாம் வயதால்தான்' என்பதும் 'வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்பதும் விசாரணையை முடித்துவைக்கும் வாக்கியங்கள் என்பதால், இரண்டையும் நான் ஏற்பதில்லை.

நடைமுறையில், அறிகுறிகள் எப்போது தொடங்கின, மாதவிடாய் எப்போது மாறியது, முன்பு இருந்த மனநிலை எப்படி, எந்த வேலையைச் செய்ய முடியாமல் போயிற்று என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். அதையும் பார்க்க மறுத்தால் வேறு மருத்துவரிடம் போவதில் தவறு எதுவும் இல்லை.

11. பெண்கள் நல மருத்துவரிடம் போவதா, மனநல மருத்துவரிடம் போவதா?

உடல் சூடேறுதல், ஒழுங்கற்ற மாதவிடாய், பிறப்புறுப்பு வறட்சி ஆகியவற்றோடு மனமும் தடுமாறினால் பெண்கள் நல மருத்துவரிடம் தொடங்கலாம். நான்காவது பதிலில் சொன்ன அளவுக்கு மனச்சோர்வு இருந்தாலோ, முன்பு மனநலச் சிகிச்சை பெற்றிருந்தாலோ மனநல மருத்துவரிடம் தொடங்குங்கள். யாரிடம் தொடங்கினாலும் மற்றவர் தரும் மருந்துகளை அவருக்குத் தெரிவிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

12. ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் மனம் சரியாகிவிடும் என்கிறார்கள்; எடுத்தால் புற்றுநோய் வரும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

அச்சத்தின் ஊற்று 2002-இல் வெளியான 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற அமெரிக்க ஆய்வு. ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் போலச் செயல்படும் புரோஜெஸ்டின் வகை மருந்தும் சேர்த்து எடுத்தவர்களிடம், ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் ஏறத்தாழ எட்டுப் பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானதாக அது காட்டியது. ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்களே பெரும்பாலோர். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலானோருக்கு, ஹாட் ஃப்ளஷ் தொல்லை கடுமையாக இருந்தால், நன்மை தீமையைவிட அதிகம் என்பது இப்போதைய பொதுக் கருத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள், தீவிரக் கல்லீரல் நோயுள்ளவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இது தரப்படுவதில்லை.

மனத்தைப் பொறுத்தவரை, பெரிமெனோபாஸ் காலத்தில் இதற்கு ஓரளவு பலன் உண்டு. 172 பெண்களைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையும் புரோஜெஸ்டிரோனும் ஓராண்டு பெற்றவர்களில் 17 சதவீதத்தினருக்கும், மருந்தற்ற மாற்றைப் பெற்றவர்களில் 32 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவில் தோன்றின. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு இந்தப் பலன் காணப்படவில்லை. எனவே இது தூக்கத்தையும் சூட்டையும் சரிசெய்து மனத்துக்கும் கைகொடுக்கும் சிகிச்சை. தீவிர மனச்சோர்வுக்கு இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தருவதில்லை. கருப்பையின் உட்சவ்வைக் காக்கப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் வேண்டும். அந்த இரண்டாவது மருந்தே சிலருக்கு மனத்தை மங்கச் செய்கிறது. சிகிச்சை தொடங்கிய பின் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் மனம் சரிந்தால் அதைத் தெரிவியுங்கள். வகையையோ முறையையோ மாற்றிப் பார்க்கலாம்.

13. மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் விட முடியாதாமே?

அது உண்மையல்ல. இவை பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதல் மனச்சோர்வு என்றால், குணமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைக்கலாம். தலைசுற்றலும் எரிச்சலும் வருவது பெரும்பாலும் திடீரென நிறுத்துவதால்தான். அதையே பலர் அடிமைத்தனம் என்று நினைத்துவிடுகிறார்கள். இவற்றுள் சில, ஹாட் ஃப்ளஷ் தொல்லையையும் குறைக்கும் என்பது ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்குப் பெரிய வசதி.

14. மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்சிஃபென் எடுத்துவருகிறேன். சூடும் வியர்வையும் மனச்சோர்வும் தாங்கவில்லை. எனக்கு வழியே இல்லையா?

உண்டு, ஆனால் மருந்துத் தேர்வில் கவனம் வேண்டும். டாமாக்சிஃபென் கல்லீரலில் ஒரு குறிப்பிட்ட நொதியால் மாற்றப்பட்ட பிறகே முழுவீச்சில் வேலை செய்கிறது. பராக்செட்டின், ஃப்ளூவாக்செட்டின் ஆகிய இரண்டும் அந்த நொதியைத் தடுக்கின்றன. எனவே டாமாக்சிஃபெனுடன் அவற்றைத் தவிர்ப்பார்கள். வென்லாஃபாக்சின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றுக்கு அந்தத் தடுப்பு மிகக் குறைவு. மனநல மருத்துவர் எழுதித் தருவதற்கு முன்பே டாமாக்சிஃபென் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே டாமாக்சிஃபெனுடன் அவற்றில் ஒன்றைச் சேர்த்து எடுத்துவந்தால், நீங்களாக நிறுத்தாமல் புற்றுநோய் மருத்துவர், மனநல மருத்துவர் இருவரையும் கேளுங்கள்.

15. மருந்தே வேண்டாம், இயற்கையான முறையில் சரிசெய்ய முடியாதா?

மருந்தில்லா வழிகளுள் வலுவான சான்று இருப்பது அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கே. பேசுவதால் வியர்வை எப்படி நிற்கும் என்று கேட்பார்கள், நிற்பதில்லை. ஹாட் ஃப்ளஷ் எத்தனை முறை வருகிறது என்பது பெரிதாக மாறாவிட்டாலும், 'எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்' என்பது போன்ற எண்ணங்களும் அவற்றோடு வரும் பதற்றமும் தணிவதால் தொல்லை குறைகிறது. முறையான உடற்பயிற்சி மனச்சோர்வையும் தூக்கத்தையும் மேம்படுத்தும். சூட்டைக் குறைப்பதில் அதன் பங்கு உறுதியாகவில்லை. தூங்குவதற்காக மது அருந்துவது நடு இரவில் விழிக்கவைத்து, வியர்வையையும் கூட்டும்.

மூலிகை என்ற பெயராலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை லேசான மனச்சோர்வுக்கு உதவக்கூடியது. ஆனால் மனச்சோர்வு மாத்திரையுடன் சேர்ந்தால் ஆபத்தான அளவுக்குச் செரட்டோனினைக் கூட்டும், கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் வீரியத்தையும் குறைக்கும். பிளாக் கோஹோஷ் என்ற இன்னொரு மூலிகையை எடுத்தவர்களில் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியுள்ளது. எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

16. 41 வயதில் கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே நான் வேறு ஆளாகிவிட்டேன். இது என் கற்பனையா?

கற்பனை இல்லை. மற்றவர்களுக்குப் பல ஆண்டுகளில் நடக்கும் இறக்கம் உங்களுக்கு ஓரிரு நாட்களில் நடந்திருக்கிறது. இப்படி அறுவைச் சிகிச்சையால் வரும் மெனோபாஸில் அறிகுறிகள் கடுமையாக இருப்பதும், மனச்சோர்வுக்கான வாய்ப்பு கூடுவதும் நன்கு அறியப்பட்டவை. கருப்பையை மட்டும் எடுத்து சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால் நிலைமை வேறு; அவர்களுக்கு மாதவிடாய் இருக்காது, ஹார்மோன் சுழற்சி தொடரும். இரண்டில் எது நடந்தது என்று தெரியாமலேயே பலர் வீடு திரும்பியிருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக் குறிப்பை வாங்கிப் பாருங்கள்.

சினைப்பைகள் இளம் வயதில் நீக்கப்பட்டவர்களுக்கும், 40 வயதுக்கு முன்பே அவை செயலிழந்தவர்களுக்கும், தடை எதுவும் இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. எலும்பையும் இதயத்தையும் காப்பதும் இதன் நோக்கத்தில் அடங்கும். 12-ஆம் பதிலில் சொன்ன புற்றுநோய்க் கணக்கு 50 வயதைக் கடந்தவர்களுடையது. அதை அப்படியே இவர்களுக்குப் பொருத்தக் கூடாது. குழந்தை பெற முடியாமல் போனதற்கான துக்கம் இருந்தால் அதற்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும். அது மாத்திரையால் தீர்வதல்ல.

17. எனக்கு ஏற்கெனவே இருமுனை மனநோய் உண்டு. இந்தக் காலத்தில் கூடுதலாக எதைக் கவனிக்க வேண்டும்?

மனச்சோர்வும் அளவு மீறிய மன எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயில், குறிப்பாகச் சோர்வுப் பகுதிகள், இக்காலத்தில் கூடலாம். மனச்சிதைவு நோய் புதிதாகத் தொடங்குவோரின் எண்ணிக்கையிலும் 45 வயதை ஒட்டிப் பெண்களிடம் இரண்டாவது சிறு உயர்வு ஒன்று காணப்படுகிறது. தூக்கம் குறைவது உங்களுக்கு வெறும் அசதி அல்ல, மனம் பொங்குவதற்கான முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகத் தொடங்கினால் மனம் எதிர்ப்பக்கம் எகிறிவிடக்கூடும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, இருமுனை மனநோய்க்குத் தரப்படும் லாமோட்ரிஜின் மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடக்கூடும் என்பதால், இரண்டு மருத்துவர்களும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும்.

18. தாம்பத்தியத்தில் விருப்பமே போய்விட்டது. கணவர் இதைத் தன்மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்.

விருப்பம் குறைவதற்கு முன்பு வலி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டு உறவு வலிமிக்கதாகிறது. வலியை எதிர்பார்த்து உடல் விலகுகிறது. விலகலை வெறுப்பாக இருவரும் படிக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மருந்தும், வழவழப்புக் களிம்பும் இதில் நன்கு உதவும். மற்ற அறிகுறிகள் காலத்தால் தணிந்தாலும் இந்த வறட்சி தானாகத் தணிவதில்லை. மனச்சோர்வும், அதற்கான சில மாத்திரைகளும்கூட விருப்பத்தைக் குறைக்கும். மாத்திரை தொடங்கிய பிறகு வந்த மாற்றம் என்றால் வேறு மருந்துக்கு மாற வழியுண்டு.

19. என் மனைவி இப்படி ஆகிவிட்டார். நான் என்ன செய்தால் நல்லது? என்ன சொன்னாலும் தவறாகிவிடுகிறது.

'உனக்கு மெனோபாஸ், அதனால்தான் இப்படிப் பேசுகிறாய்' என்று மட்டும் வாக்குவாதத்தின் நடுவில் சொல்லாதீர்கள். அது மருத்துவ விளக்கமாக இருந்தாலும், கேட்பவரின் காதில் 'உன் பேச்சுக்கு மதிப்பில்லை' என்றே விழும். ஒன்பதாவது பதிலின் இரண்டாம் பத்தியை நீங்களும் படியுங்கள். அறிவுரையைவிட வேலையைப் பகிர்வது அதிகம் உதவும். இரவில் தூங்காதவர் காலையில் சற்று நேரம் உறங்க முடிந்தால், அன்றைய நாளே மாறும். மருத்துவரிடம் உடன் செல்ல அவர் சம்மதித்தால் செல்லுங்கள். பேசும் பொறுப்பை அவரிடமே விடுங்கள்.

20. வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது. இதுவும் ஹார்மோன் வேலைதான், சரியாகிவிடும் என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. காரணம் எதுவாக இருந்தாலும் இது அவசர நிலை. தற்கொலை எண்ணம் வந்தால், குறிப்பாக எப்படி, எப்போது என்ற அளவுக்கு மனம் போயிருந்தால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். உடனிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 'சாகும் எண்ணம் வருகிறதா' என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்கலாம், கேட்க வேண்டும்.

21. எனக்கு மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் மனம் தெளியவில்லை. இதுவும் மெனோபாஸ்தானா?

ஹாட் ஃப்ளஷ் தொடர்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஏழாவது பதிலில் குறிப்பிட்ட அதே ஸ்வான் ஆய்வில், அடிக்கடி ஹாட் ஃப்ளஷ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. அது உங்கள் தூக்கத்தை இன்னும் கெடுத்துக்கொண்டிருந்தால் அதற்குச் சிகிச்சை பெறுவதில் தாமதமாகிவிடவில்லை.

அது இல்லை என்றால், இதை மெனோபாஸ் என்று அழைப்பதை நிறுத்திவிடுவது நல்லது. ஹார்மோனின் ஆட்டம் அடங்கி ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் நீடிக்கும் சோர்வுக்கு வேறு காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம்: சிகிச்சை பெறாமல் நாட்பட்டுவிட்ட மனச்சோர்வு, தைராய்டு, பேசப்படாத ஓர் இழப்பு, வேறு நோய்க்காக எடுக்கும் ஒரு மருந்து. எட்டாவது பதிலில் உள்ள பரிசோதனைகளையும் நான்காவது பதிலில் உள்ள ஒன்பது கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, இதை முதல்முறையாகச் சொல்வதுபோல மருத்துவரிடம் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்.